ஒரு பெட்டி இனிப்பும் இரண்டு கேள்விகளும்

இதய அறுவை சிகிச்சை முடிந்து ஆறாம் நாள். அறுபத்தெட்டு வயது அம்மையார் ஒருவர் கட்டிலில் சாய்ந்து அமர்ந்திருந்தார். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். வெளிநாட்டிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய அவருடைய மகன், போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் வாங்கிய ஆறு சிறிய இனிப்புகள் அடங்கிய பெட்டியைத் தாயின் கையில் கொடுத்திருந்தார். மருமகளோ அதை வாங்கிக் கட்டிலருகே இருந்த அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். உணவியல் பிரிவிலிருந்து நாங்கள் அறைக்குள் நுழைந்தபோது மூவரும் பேசாமல் இருந்தனர்.

அம்மையார்தான் முதலில் வாய் திறந்தார். "பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் அம்மா. ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்?"

இக்கேள்வியை நாங்கள் நாள்தோறும் கேட்கிறோம். இனிப்பின் பெயர் மட்டுமே மாறுகிறது. அதற்கு "கூடாது" என்று ஒரே சொல்லில் விடையளிப்பது எளிது. ஆயினும் அவ்விடை பெரும்பாலும் நோயாளியை இனிப்பிலிருந்து விலக்குவதில்லை. மறைத்து உண்ணும் பழக்கத்தையே வளர்க்கிறது. ஆகவே எந்த இனிப்பானாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்குமாறு குடும்பத்தாரிடம் கூறி வருகிறோம். இதனுள் என்ன இருக்கிறது? இது செய்யப்பட்டு எத்தனை நேரம் ஆயிற்று? அன்று அந்தப் பெட்டியை முன்னிட்டு இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடினோம். அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அக்குடும்பத்தாரை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளோம்.

மடத்தில் மிஞ்சிய மஞ்சள் கரு

பெட்டியில் இருந்த இனிப்பின் பெயர் பாஸ்டல் டி நாட்டா. உள்ளங்கையில் அடங்கும் சிறு கிண்ணம் போன்ற மாவு ஓடு. அதனுள் முட்டையின் மஞ்சள் கரு, பால், சர்க்கரை ஆகியவற்றால் ஆன கஸ்டர்டு. மேற்பரப்பில் அடுப்பின் கடுஞ்சூட்டால் ஏற்பட்ட கரும்புள்ளிகள். இலவங்கப்பட்டைத் தூளைத் தூவி இளஞ்சூட்டில் உண்பது அந்நாட்டு வழக்கம். நாட்டா என்னும் போர்த்துகீசியச் சொல்லுக்குப் பாலேடு என்பது பொருள்.

லிஸ்பன் நகரின் மேற்கே, தேஜோ ஆற்றின் கரையில் பெலெம் என்னும் பகுதி உள்ளது. பெத்லகேம் என்பதன் போர்த்துகீசிய வடிவமே அப்பெயர். கோழிக்கோட்டுக்கு 1498ஆம் ஆண்டு வந்து சேர்ந்த வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் இக்கரையிலிருந்துதான் புறப்பட்டன. அங்கே மன்னர் முதலாம் மானுவேல் காலத்தில், 1501ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பட்ட ஜெரோனிமோஸ் மடம் இன்றும் நிற்கிறது. வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அம்மடத்துக் கோயிலினுள்தான் இருக்கிறது. நம் இனிப்பின் கதையும் அம்மடத்தோடு இணைந்தது.

நம் ஊரில் வேட்டிக்கும் சேலைக்கும் சோற்றுக் கஞ்சி போடுவது போல, போர்த்துகலின் ஆண், பெண் துறவியர் மடங்களில் அங்கிகளை விறைப்பாக்க முட்டையின் வெள்ளைக் கருவைப் பயன்படுத்தினர். திராட்சை மதுவைத் தெளியவைக்கவும் வெள்ளைக் கரு தேவைப்பட்டது. இவற்றுக்குப் பின் மஞ்சள் கரு பெருமளவில் மிஞ்சியது. அதே காலத்தில் மதேராத் தீவிலிருந்தும் பின்னர் பிரேசிலிலிருந்தும் சர்க்கரை வந்து குவிந்தது. மிஞ்சிய கருவும் வந்த சர்க்கரையும் சேர்ந்து, மடத்து இனிப்புகள் என்றே அழைக்கப்படும் ஒரு பெரும் சமையல் மரபு உருவாயிற்று. ‘மென்முட்டை’ என்று பொருள்படும் ஓவோஸ் மோலெஸ் முதலிய பல பண்டங்கள் அம்மரபைச் சேர்ந்தவை. பெலெம் மடத்தின் பங்கு இந்தக் கஸ்டர்டு பண்டம்.

போர்த்துகலில் 1820ஆம் ஆண்டுப் புரட்சியைத் தொடர்ந்து அரசியல் மாறியது. 1834இல் துறவியர் மடங்கள் மூடப்பட்டன. வாழ வழியிழந்தோர் மடத்தின் அருகே சர்க்கரை ஆலையை ஒட்டியிருந்த கடையில் இவ்வினிப்பை விற்கத் தொடங்கியதாகக் கூறுவர். 1837ஆம் ஆண்டு முதல் அவ்விடத்திலேயே இதற்கென ஒரு கடை நடந்து வருகிறது. அக்கடையின் செய்முறையை மிகச் சிலரே அறிவர். அவர்கள் தனியறையில் கலவையைத் தயாரிக்கின்றனர். அங்கே செய்யப்படுவதற்கு மட்டுமே பெலெம் என்னும் ஊர்ப்பெயர் உரியது. பிற கடைகளில் செய்யப்படுவன யாவும் பாஸ்டல் டி நாட்டா என்னும் பொதுப்பெயரையே பெறுகின்றன.

மேலே தூவப்படும் இலவங்கப்பட்டைக்கும் ஒரு கடல்வழிக் கதை உண்டு. 1505ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்த போர்த்துகீசியர், அத்தீவின் பட்டை வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை அங்கிருந்து முற்றிலும் அகற்றினர். எனினும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் தமிழில் தங்கிவிட்டன. மருமகள் பெட்டியை வைத்த அலமாரியும், அதைப் பூட்டிய சாவியும், அறையின் ஜன்னலும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொற்களே. ஈழத் தமிழர் ரொட்டியைப் பாண் என்று அழைப்பதும் அவ்வாறே.

முதல் கேள்வி: இதனுள் என்ன இருக்கிறது?

ஓட்டிலிருந்து தொடங்குவோம். இது நம் பேக்கரிகளில் கிடைக்கும் முட்டை பப்ஸின் மேல்மாவுக்கு உறவினம். கோதுமை மைதா மாவின் மீது வெண்ணெயைப் பரப்பி, சுருட்டி அல்லது மடித்து, மீண்டும் தேய்ப்பர். அடுப்பில் மாவிலுள்ள நீர் ஆவியாகி ஏடுகளைப் பிரிக்கிறது. இடையிலுள்ள கொழுப்பு அவை ஒட்டாமல் காக்கிறது. அந்த மொறுமொறுப்பு முழுவதும் கொழுப்பின் கொடை. வெண்ணெயில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு ஆகும்.

சில இடங்களில் வெண்ணெய்க்குப் பதிலாக வனஸ்பதி அல்லது பேக்கரி மார்ஜரின் சேர்க்கப்படுகிறது. இவற்றில் டிரான்ஸ் கொழுப்பு இருக்கக்கூடும். இந்தியாவில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்னும் விதி 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இருப்பினும் எந்தக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்பது தவறன்று.

உள்ளிருக்கும் கஸ்டர்டில் சர்க்கரைப் பாகு, சிறிதளவு மாவு கரைத்துக் காய்ச்சிய பால், மஞ்சள் கரு ஆகியவை சேர்கின்றன. எலுமிச்சைத் தோலும் பட்டையும் மணம் தருகின்றன. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 55 கலோரி ஆற்றலும், 4.5 கிராம் கொழுப்பும், 185 மில்லிகிராம் கொலஸ்டிராலும் உள்ளன. வைட்டமின் ஏ, டி, பி12, கோலின், கண்ணுக்கு நன்மை தரும் லூட்டின் ஆகியவையும் மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. அது நஞ்சன்று. சர்க்கரையும் வெண்ணெயும் அதனுடன் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

ஒரு பண்டத்தின் எடை பொதுவாக 60 முதல் 80 கிராம் வரை இருக்கும். கடைக்குக் கடை அளவு வேறுபட்டாலும், ஒன்றில் ஏறத்தாழ 200 முதல் 300 கலோரியும், இரண்டு முதல் நான்கு தேக்கரண்டி வரை சர்க்கரையும் இருப்பதாகக் கொள்ளலாம். புரதம் 3 முதல் 5 கிராம் மட்டுமே. ஆற்றலில் இது நான்கைந்து சிறிய இட்லிகளுக்கு நிகர். ஆனால் வயிறு நிறைவதோ இரண்டே வாயில் தீரும் பண்டத்தால். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளில் 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது மேலும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் பாதியை ஒரே பண்டம் எடுத்துக்கொண்டுவிடக் கூடும்.

யாருக்கு எவ்வகைக் கவனம்?

நீரிழிவு உடையோர்: இப்பண்டத்தில் சர்க்கரையுடன் மைதாவும் கொழுப்பும் சேர்ந்துள்ளன. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் இரத்தச் சர்க்கரை மெல்ல ஏறி, நெடுநேரம் உயர்ந்தே நிற்கக்கூடும். உண்டவுடன் பார்த்த அளவு குறைவாக இருப்பதால் "ஒன்றும் செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவர் இசைந்தால், ஒரு வேளை உணவில் சோறு அல்லது இட்லியின் அளவைக் குறைத்துக்கொண்டு பாதிப் பண்டம் உண்ணலாம். இன்சுலின் அளவைத் தாமாக மாற்றுதல் கூடாது. ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோருக்குச் சர்க்கரை எளிதில் உயரும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொன்றையும் பராமரிப்பாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் வரும்போது இத்தகைய இனிப்பைக் கொடுக்கலாகாது. இதிலுள்ள கொழுப்பு சர்க்கரை விரைந்து சேர்வதைத் தடுக்கும். அந்நேரத்தில் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதையும் கொடுக்காமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

இதய நோயாளிகள்: இரத்தத்தில் கெட்ட கொழுப்பை உயர்த்துவதில் முட்டையின் கொலஸ்டிராலைவிட நிறைவுற்ற கொழுப்பின் பங்கே அதிகம். எனவே மஞ்சள் கருவைக் கண்டு அஞ்சி, வெண்ணெய் ஓட்டை மறந்துவிடக் கூடாது. கஸ்டர்டை மட்டும் உண்டு ஓட்டை ஒதுக்கினால் கொழுப்பு கணிசமாகக் குறையும்.

சிறுநீரக நோயாளிகள்: ஒரு மஞ்சள் கருவில் சுமார் 65 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ளது, வெள்ளைக் கருவில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் மட்டுமே. வெள்ளைக் கருவில் 3.5 கிராம் அளவுக்கு நல்ல புரதமும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு நாங்கள் வெள்ளைக் கருவைப் பரிந்துரைப்பது இதனால்தான். அன்று மடத்தார் அங்கிக்கு வைத்துக்கொண்ட பகுதியே இன்று அவர்களுக்கு ஏற்ற உணவாக இருக்கிறது. இப்பண்டம் முழுக்க மஞ்சள் கருவாலும் பாலாலும் ஆனது என்பதால், அவர்கள் உணவியல் வல்லுநரைக் கேட்காமல் உண்ணக் கூடாது.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர் உடையோர்: உதிரும் ஓட்டுத் துகள்கள் மூச்சுக்குழாயில் நுழையும் ஆபத்து உண்டு. விழுங்குதல் பயிற்சியாளர் அனுமதித்த பதத்தில் மட்டுமே உணவளிக்க வேண்டும். ஓடு இல்லாத மென்மையான கஸ்டர்டு சிலருக்கு ஏற்றதாக இருக்கலாம்.

பித்தப்பைக் கற்களும் கணைய அழற்சியும் உடையோர்: கொழுப்பு மிகுந்த பண்டம் என்பதால் மருத்துவர் அனுமதிக்கும் வரை தவிர்க்க வேண்டும்.

எடை குறைந்தோர், பசியற்றோர்: புற்றுநோய்ச் சிகிச்சையாலோ முதுமையாலோ உணவு செல்லாதவருக்குச் சிறிய அளவில் அதிக ஆற்றல் தேவைப்படும். அவர்களுக்குக் கஸ்டர்டு துணைசெய்யக்கூடும். இங்கே "இனிப்பு கெடுதல்" என்னும் பொதுவிதி பொருந்தாது. ஆயினும் அடுத்துக் கூறும் இரண்டாம் கேள்வி அவர்களுக்கே மிக முக்கியம்.

ஒவ்வாமை உடையோர்: முட்டை, பால், கோதுமை ஆகிய மூன்றும் இதில் உள்ளன. சீலியாக் நோய் உடையோர் ஓட்டை மட்டும் நீக்கி உண்பதும் பாதுகாப்பன்று. கஸ்டர்டிலும் கோதுமை மாவு கலந்திருக்கலாம்.

இலவங்கப்பட்டை நீரிழிவைக் குணப்படுத்தும் என்னும் நம்பிக்கையைப் பலர் எங்களிடம் கூறுவதுண்டு. ஆய்வு முடிவுகள் ஒருமித்து இல்லை. மேலே தூவும் ஒரு சிட்டிகை மணத்துக்கு மட்டுமே. மருந்தை அதற்காக நிறுத்தக் கூடாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த காசியா பட்டையில் கூமரின் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. அதைத் தூளாக்கி நாள்தோறும் கரண்டிக் கணக்கில் உட்கொள்வது கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.

இரண்டாம் கேள்வி: எத்தனை நேரம் ஆயிற்று?

அறையில் நாங்கள் மகனிடம் இதைத்தான் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணினார். மாலையில் வாங்கியது, இரவு விமானம், இடையில் விமான மாற்றம், பின் வீடு, பின் மருத்துவமனை. ஒரு நாளுக்கும் மேலாகிவிட்டது. வழியில் எங்கும் குளிர்ப்பெட்டி இல்லை.

குடும்பத்தார் சர்க்கரையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தனர். எங்கள் கவலையோ கிருமிகளைப் பற்றியது. முட்டையும் பாலும் ஈரப்பதமும் சேர்ந்த கஸ்டர்டு கிருமிகள் பெருக ஏற்ற இடம். கடுஞ்சூட்டில் வெந்து வெளிவரும்போது அது பாதுகாப்பானதே. அதன் பின் கைபட்டும் காற்றுபட்டும் சேரும் கிருமிகள், 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் விரைந்து பெருகும். ஆகவே இத்தகைய பண்டங்கள் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. நம் ஊர்க் கோடையில் அதனினும் குறைவு.

"மீண்டும் சூடாக்கிக் கொடுக்கலாமா?" என்று மருமகள் கேட்டார். சூடு கிருமிகளைக் கொல்லும்; ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் முன்பே உணவில் விட்டுவைத்த நச்சு, சூட்டில் அழிவதில்லை. கெட்டுப்போன பண்டம் மணத்திலும் சுவையிலும் மாறாமலும் இருக்கலாம். உடல்நலம் மிக்க ஒருவருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு முடிவது, அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் வேதிச்சிகிச்சை பெறுவோருக்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோருக்கும் உயிர் இடராக மாறக்கூடும்.

ஆகவே அன்று எங்கள் விடை "வேண்டாம்" என்பதே. ஆனால் எதற்காக வேண்டாம் என்பதை அம்மையாரிடம் விளக்கினோம். "சர்க்கரைக்காக இல்லை அம்மா, இது கெட்டிருக்கக்கூடும். உங்கள் காயம் ஆறட்டும், புதிதாகச் செய்ததில் பாதியை நீங்கள் உண்ணும் நாளை மருத்துவரிடம் கேட்டு நாங்களே சொல்கிறோம்" என்றோம். பெட்டியை அப்புறப்படுத்த அவரே ஒப்புக்கொண்டார்.

வீட்டில் செய்யத்தக்க எளிய கஸ்டர்டு

ஓட்டை விடுத்து, முழு முட்டையால் வீட்டிலேயே கஸ்டர்டு செய்ய இயலும். நால்வருக்கு உரிய அளவு இது.

கொழுப்பு 3 விழுக்காடு உள்ள சமன்படுத்திய பால் 400 மில்லிலிட்டர், முட்டை 2, சர்க்கரை 40 கிராம், சோளமாவு 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு, பட்டை ஒரு சிறு துண்டு.

பாலில் சிறிதளவை எடுத்துச் சோளமாவைக் கட்டியின்றிக் கரைத்து, அதில் முட்டைகளை நன்கு அடித்துக் கலக்கவும். மீதிப் பாலைச் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல் ஆகியவற்றுடன் காய்ச்சி இறக்கவும். சூடான பாலை முட்டைக் கலவையில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, வடிகட்டி, மீண்டும் சிறு தீயில் வைக்கவும். கைவிடாமல் கிளறி, குமிழிகள் எழுந்த பின் இரண்டு நிமிடம் கொதிக்க விடவும். சோளமாவு சேர்வதால் முட்டை எளிதில் திரியாது. நான்கு கிண்ணங்களில் ஊற்றி, ஆறியதும் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் உண்ணவும்.

ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 150 கலோரியும், 6 கிராம் புரதமும், 10 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் இருக்கும். நீரிழிவு உடையோர் அரைக் கிண்ணத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சிறுநீரக நோயாளிகளுக்கும் பால், முட்டை ஒவ்வாமை உடையோருக்கும் இது பொருந்தாது.

பெட்டியைத் திறக்குமுன்

அந்த அம்மையார் அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது, தம் சர்க்கரைக் குறிப்பேட்டை எங்களிடம் நீட்டினார். மருத்துவர் இசைவளித்த ஒரு மாலையில், மகன் உள்ளூர்ப் பேக்கரியில் அன்று செய்த பண்டம் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். அம்மையார் பாதியை உண்டு, அன்றிரவு ஓர் இட்லியைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்திலும் பார்த்த அளவுகளைத் தேதியிட்டு எழுதியிருந்தார். மறுபாதியை மருமகள் உண்டதாகவும் கூறினார். "ஒளித்துத் தின்னாமல் எல்லோருடனும் உட்கார்ந்து தின்றேன்" என்பதே அவர் சொன்னதில் எங்கள் நினைவில் நிற்பது.

நோயாளியைக் காணவரும் உற்றார் அன்போடு கொண்டுவரும் எந்தப் பண்டத்தையும் நாங்கள் இழிவாகக் கருதுவதில்லை. பெட்டியை மறைக்க வேண்டாம். அதிலுள்ள பொருட்களின் பட்டியலையும் செய்த தேதியையும் பாருங்கள். ஐயம் இருப்பின் அறைச் செவிலியரிடமோ உணவியல் பிரிவிலோ காட்டுங்கள். எவ்வளவு உண்ணலாம், எப்போது உண்ணலாம் என்பதை மருத்துவரைக் கலந்து உங்களோடு சேர்ந்தே முடிவு செய்வோம்.